வெண்சுண்ணக் கரையில் ஒரு பகல்

பல்லாண்டுக் காலம் கரும்பலகையின்முன் நின்று பாடம் சொன்னவன் நான். இங்கிலாந்தின் தென்கரையை வெண்கட்டியால் ஒரே கோடாக இழுத்துக் காட்டி, 'இதுவே கரை' என்று கூறியிருக்கிறேன். அக்கோடு அசையாத ஒன்று என என் மாணவர்கள் எண்ணியிருந்தால், குற்றம் என்னுடையதே. இன்று சசெக்ஸ் பகுதியின் கடலோரமாகக் கிழக்கிலிருந்து மேற்கே, ஒரு பகலில் சென்று வரத்தக்க தொலைவை மனக்கண்ணால் கடந்து பார்ப்போம்.

காலையில் நாம் நிற்குமிடம் பெவன்சி. இங்கே மலையுமில்லை, பாறையுமில்லை. தாழ்ந்த சமவெளியே உண்டு. ரோமானியர் மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு ஒரு கோட்டை கட்டினர். அன்று அலைகள் அதன் அருகே வந்து மோதின. 1066 செப்டம்பரில் நார்மண்டிக் கோமகன் வில்லியம் தன் படையுடன் வந்திறங்கியதும் இப்பகுதியில்தான். செங்குத்தான பாறைச்சுவர் நிற்கும் இடத்தில் குதிரைகளையும் வீரர்களையும் இறக்குதல் அரிதன்றோ? அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று அவன் அரசனானான். இன்றோ வண்டலும் கூழாங்கல்லும் படிந்து, கடல் ஒரு கிலோமீட்டருக்கும் மேலாக விலகிவிட்டது. கோட்டைச் சுவர் பசும்புல்வெளியில் தனித்து நிற்கிறது.

நண்பகலில் ஈஸ்ட்போர்ன் நகரைக் கடந்து பீச்சி முனையை அடைகிறோம். கடல்மட்டத்திலிருந்து 162 மீட்டர் உயர்ந்து நிற்கும் வெண்மையான கடல் ஓங்கல் அது. அடுத்து 'ஏழு சகோதரியர்' என்னும் பாறை வரிசை. கண்ணுக்குப் புலப்படாத கடற்பாசிகளின் சுண்ணத் தகடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து இறுகியமையால் உண்டான பாறை இது. இத்துணை வெண்மை எவ்வாறு நிலைத்தது? நிலைக்கவில்லை என்பதே விடை! அலை அடியை அரிக்க, மேற்பாறை சரிய, உள்ளிருந்து புதுமுகம் வெளிப்படுகிறது. அலை தீண்டாத இடத்தில் அப்பாறையைப் பசும்புல் மூடிவிடும். ஆகவே வெண்மை என்பது தேய்வின் அடையாளமே.

பல்லாயிரம் ஆண்டுகளாக இப்பகுதி ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் வரையே தேய்ந்து வந்தது. கடந்த 150 ஆண்டுகளில் அவ்வேகம் 22 முதல் 32 சென்டிமீட்டராயிற்று என்று 2016இல் வெளிவந்த ஆய்வொன்று கூறிற்று. அரணாகக் கிடந்த கூழாங்கற் கரை மெலிந்ததும் புயல்களும் இதற்குக் காரணம் என்பர். ஓங்கலின் விளிம்பு நெருங்கி வந்தமையால், பெல் டூட் என்னும் பழைய கலங்கரை விளக்கக் கட்டடத்தை 1999இல் அப்படியே பெயர்த்து 17 மீட்டர் உள்ளே நகர்த்தினர்.

மாலையில் பிரைட்டன். 1750இல் மருத்துவர் ரிச்சர்டு ரஸ்ஸல் கடல்நீரின் மருத்துவப் பயனைப் பற்றி நூல் எழுதினார். நோயாளர் வந்தனர்; பின்னர் இளவரசர் வந்தார்; 1841இல் லண்டனிலிருந்து இரயிலும் வந்தது. மீனவர் ஊர் உல்லாச நகரமாயிற்று. அந்த இளவரசருக்காக ஜான் நாஷ் இந்தியப் பாணிக் குவிமாடங்களுடன் அமைத்த மாளிகை, முதல் உலகப் போரின்போது காயமுற்ற இந்தியப் போர்வீரர்க்கு மருத்துவமனையாயிற்று. உயிர்நீத்த இந்து, சீக்கிய வீரர் 53 பேரின் உடல்கள் நகருக்கு வெளியே, இதே வெண்சுண்ணக் குன்றுகளின்மேல் எரியூட்டப்பட்டன. அவ்விடத்தில் 1921இல் 'சத்ரி' என்னும் நினைவு மண்டபம் எழுந்தது. ஆனால் அந்த 53 பெயர்களும் அதனருகே கல்லில் பொறிக்கப்பட்டது 2010இல்தான்!

மாணவர்களே! பெவன்சியில் கடல் நிலத்தைத் தந்தது; பீச்சி முனையில் நிலத்தைக் கொள்கிறது. அதனைத் தடுப்பது எளிதன்று. ஆயினும் ஒருவரின் பெயர் அழியாமல் காப்பது நம் கையில் உள்ளது. அதற்கும் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. இனி நாட்டுப்படத்தில் கரைக்கோட்டைக் காணும்போது, அது எந்த ஆண்டில் வரைந்தது என்று கேளுங்கள். அக்கரையில் யார் பெயர் விடுபட்டது என்றும் கேளுங்கள். வரலாற்றுக் கல்வி அவ்வினாக்களில்தான் தொடங்குகிறது.