மசலாவும் விடுகதையும்

இராவுணவுக்குப் பின் முற்றத்தில் கூடியமர்ந்து விடுகதை போடுவதும் விடுவிப்பதும் தமிழர்க்குத் தொன்றுதொட்ட இன்பம். தொல்காப்பியம் இதனைப் 'பிசி' எனப் பெயரிட்டுச் செய்யுளியலில் இலக்கணம் வகுத்துள்ளது. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களோ, வினாவும் விடையுமாய் அமைந்த இலக்கியத்தை 'மசலா' என்னும் தனிவகையாகவே வளர்த்தனர். மசலா என்னும் அரபுச் சொல்லுக்கு வினா என்பது பொருள்.

இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியது வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலா. அது 1572ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறிற்று. யூத அறிஞராயிருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) கேட்ட வினாக்களும், பெருமானார் (ஸல்) அவர்கள் அளித்த விடைகளுமே நூற்பொருள். இதே வரலாறு பாரசீகத்திலும் மலாயிலும் நூலாயிற்று. 12ஆம் நூற்றாண்டிலேயே இலத்தீனிலும் பெயர்க்கப்பட்டது. பின்னெழுந்த நூறு மசலாவிலோ, இளவரசி ஒருத்தி தன்னை மணக்க வருவோனிடம் நூறு வினாக்களைத் தொடுக்கிறாள்.

விடுகதைக்கு நபிவழியிலும் சான்றுண்டு. இலையுதிராததும் முஸ்லிமுக்கு உவமையானதுமான மரம் எது என அண்ணலார் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் வினவியதை ஸஹீஹுல் புகாரி கூறுகிறது. தோழர்களின் எண்ணம் பாலைவன மரங்களை நாடிச் சென்றது. இளையவரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்குப் பேரீச்ச மரம் என்று தோன்றிற்று. எனினும் பெரியோர் முன்னிலையில் நாணி வாய்திறக்கவில்லை. பின்னர் அதனையறிந்த தந்தையார் உமர் (ரலி) அவர்கள், மகன் அதைச் சொல்லியிருந்தால் பெரிதும் மகிழ்ந்திருப்பேன் என்றார்கள்.

நம் இல்லத்து மூலையிலும் விடையறிந்த பிள்ளையொன்று வாய்மூடி அமர்ந்திருக்கக் கூடும். அடுத்த விடுகதையை முதலில் அப்பிள்ளையிடம் கேட்போமாக.