அனுமதியற்ற மலைச் சைக்கிள் தடங்கள்: வான்கூவர் வடகரையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்கூவர் நகருக்கு வடக்கே, வடகரை எனப்படும் பகுதியில், சைப்ரஸ், ஃப்ரோம், சீமோர் என மூன்று மலைகள் நிற்கின்றன. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும் காடு அது. 1980களில் சைக்கிளோட்டிகள் அங்கிருந்த பழைய மரவெட்டுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் ஓட்டத் தொடங்கினர். அவை போதாமல் தாங்களே தடம் வெட்டினர். சேற்றையும் வேர்களையும் தாண்ட, விழுந்து கிடந்த செடார் மரங்களைப் பிளந்து ஏணிப் பாலங்கள் அமைத்தனர். பெரும்பாலும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. உலகெங்கும் ‘வடகரைப் பாணி’ என்று பெயர்பெற்ற சைக்கிளோட்டம் இந்தத் தடங்களில்தான் பிறந்தது. இவற்றை வெறும் அத்துமீறலாக ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அதே வேளையில், இவை விளைத்த கேட்டை மறைப்பதும் நேர்மையாகாது.

2. சேதத்தின் மூலம்

டயர்தான் மண்ணை அழிக்கிறது என்பது பரவலான எண்ணம். ஆய்வுகள் அதை அப்படியே ஏற்கவில்லை. வில்சனும் செனியும் மொன்டானாவில் செய்து 1994-ல் வெளியிட்ட சோதனையில், குதிரைக் குளம்பும் மனிதக் காலடியும் சக்கரத்தைவிட அதிக மண்ணைப் பெயர்த்தன. தர்ஸ்டனும் ரீடரும் ஒன்டாரியோ காடு ஒன்றில் 500 முறை வரை நடக்கவும் ஓட்டவும் வைத்து அளந்தனர். செடிகளுக்கும் மண்ணுக்கும் நேர்ந்த பாதிப்பில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2001-ல் எழுதினர்.

கேடு பெரும்பாலும் தடத்தின் போக்கில் இருக்கிறது. சரிவில் நேர்கீழாக வெட்டிய தடம் மழையில் வாய்க்காலாகிவிடும். மேல்மண் கரைந்து வேர்கள் துருத்தும். ஓட்டிகள் ஓரமாக ஒதுங்குவார்கள். தடம் அகன்றுகொண்டே போகும். ஒளிந்து வெட்டுபவரை இந்தப் போக்குதான் ஈர்க்கிறது: வேலை குறைவு, வேகம் அதிகம்.

1988-ல் அமெரிக்காவில் தோன்றிய சர்வதேச மலைச் சைக்கிளோட்டச் சங்கம் பரப்பிய விதிகள் நீரை மையமாகக் கொண்டவை. தடத்தின் சரிவு, அது கடக்கும் மலைப்பக்கத்தின் சரிவில் பாதியைத் தாண்டக்கூடாது. மலைப்பக்கம் 16 விழுக்காடு என்றால் தடத்துக்கு 8 தான் எல்லை. முழுத் தடத்தின் சராசரி 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். தளம் பள்ளத்துப் பக்கம் சுமார் 5 விழுக்காடு சாய வேண்டும். இறங்கும் தடம் இடையிடையே சற்று மேலேற வேண்டும். வரப்பில் மடை திறந்ததுபோல் நீர் அங்கே வெளியேறிவிடும். வடகரையில் இன்று இலைமக்கை அகற்றி, கல் பதித்து, அருகில் குழி தோண்டி எடுத்த கனிம மண்ணைக் கொட்டி இறுக்குகிறார்கள். பழைய மரப்பாலங்கள் பல மக்கிப்போயின. கற்தளம் அவற்றைவிட நெடுநாள் நிற்கும்.

3. விலங்குகள்

நீர் வடியும் தடமும் குற்றமற்றதாகிவிடாது. யூட்டாவின் ஆன்டிலோப் தீவில் டெய்லரும் நைட்டும் செய்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், தடத்திலிருந்து 100 மீட்டருக்குள் நின்ற மியூல் மான் மனிதரைக் கண்டு விலகும் வாய்ப்பு 70 விழுக்காடாக இருந்தது; நடப்பவர், ஓட்டுபவர் என்ற வேறுபாடு சிறிதே. அப்படியானால் ஒவ்வொரு புதுத் தடமும் இருபுறமும் காட்டின் ஒரு பட்டையை விலங்குகளிடமிருந்து பறிக்கிறது. தனியாக மண்வெட்டி எடுத்துச் செல்பவரால், அவர் எவ்வளவு திறமைசாலியானாலும், இந்தக் கூட்டு விளைவைக் காண முடியாது. முழுக் காட்டின் வரைபடத்தை முன்னால் விரித்தால்தான் அது புலப்படும். அனுமதி தேவை என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.

4. சட்டம்

ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலத்தில் சைக்கிள் ஓட்டலாம் என்கிறது. ஆனால் மண்ணை வெட்டும் உரிமையை அது தரவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் காடு, மேய்ச்சல்நிலச் சட்டத்தின் 57-ஆம் பிரிவும் அரசுக் காட்டில் அனுமதியின்றித் தடம் அமைப்பதைத் தடுக்கிறது.

5. தீர்வு

தடை மட்டும் பயன் தராது. தடத்தின் வாயில் நாலு கிளைகளைப் போட்டு மூடினால், ஓட்டிகள் பக்கத்தில் இன்னொரு வழி உண்டாக்குகிறார்கள். இறுகிய மண்ணைக் கிளறி, நீரோட்டத்தைத் திருப்பி, உள்ளூர்ச் செடிகளை நட்டு, மாற்றுத் தடமும் தந்தால்தான் மூடிய தடம் காடாகத் திரும்பும். 1997-ல் தொடங்கிய வடகரை மலைச் சைக்கிளோட்டச் சங்கம், நில நிர்வாகத்தின் ஒப்புதலோடு தன்னார்வலர்களையும் நிறுவனங்களையும் சேர்த்துத் தடங்களைப் பராமரித்துவருகிறது. முன்பு ஒளிந்து வெட்டியவர்களின் கைத்திறன் பொதுவேலைக்குப் பயன்பட இது வழிவகுத்தது.

எனவே நிர்வாகங்கள் முதலில் இருக்கும் தடங்களையெல்லாம் அளந்து, எதைக் காப்பது, எதைத் திருப்புவது, எதை மூடுவது என்று வெட்டியவர்களையும் உட்காரவைத்து முடிவெடுக்க வேண்டும். தடம் அமைக்க விரும்பும் ஓட்டிகளே, முதலில் உங்கள் பகுதிச் சங்கத்தின் பராமரிப்பு வேலையில் சேருங்கள்; ஒப்புதல் கைக்கு வரும்வரை புதுமண்ணில் மண்வெட்டி வைக்காதீர்கள்.