திடீர் அடுக்குமண்டல வெப்பமடைதலும் நிலநடுக்கோட்டு அயனிமண்டலமும்

திடீர் அடுக்குமண்டல வெப்பமடைதல் என்பது குளிர்காலத்தில் துருவப் பகுதிக்கு மேலே, ஏறத்தாழ 30 கி.மீ. உயரத்திலுள்ள வளி ஒரு சில நாட்களில் பல பத்துப் பாகை செல்சியசு சூடேறும் நிகழ்வாகும். இதனை 1952 ஆம் ஆண்டில் பெர்லினில் ரிச்சர்டு செர்காக் கண்டறிந்தார். இதன் தாக்கம் தென்னிந்தியாவின் மேலுள்ள அயனிமண்டலம் வரை எட்டுகின்றது.

செயல்முறை

கீழ் வளிமண்டலத்திலிருந்து எழும் கோள் அலைகள் துருவச் சுழலைக் குலைக்கின்றன. இதனால் உலகளாவிய காற்றோட்டம் மாறி, சந்திரனின் ஈர்ப்பால் வளிமண்டலத்தில் உண்டாகும் அரைநாள் ஓத அலை வலுவடைகின்றது. இவ்வலை 100 கி.மீ. உயரத்தை அடுத்த பகுதியில் மின்புலத்தை மாற்றுகின்றது. அதனால் காந்த நடுக்கோட்டின் மேல் காலையில் அயனிகளும் எதிர்மின்னிகளும் வழக்கத்தை விட மேலே உயர்கின்றன, பிற்பகலில் கீழிறங்குகின்றன. இவ்வொழுங்கு நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துவது சந்திரனின் பங்கைக் காட்டுகின்றது.

திருநெல்வேலி அவதானிப்புகள்

காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் உள்ளது. அங்கும் மும்பைக்கு அருகிலுள்ள அலிபாக்கிலும் அளக்கப்படும் புவிக்காந்தப்புலக் கிடைக்கூறுகளின் வேறுபாட்டிலிருந்து, பகலில் கிழக்கு நோக்கிப் பாயும் நிலநடுக்கோட்டு மின்தாரையின் வலிமை கணிக்கப்படுகின்றது. 2009 சனவரியில் ஏற்பட்ட பெரும் வெப்பமடைதலின்போது இம்மின்தாரை பிற்பகல்களில் மேற்கு நோக்கித் திரும்பியது. அப்போது சூரியச் செயற்பாடு மிகக் குறைவாக இருந்ததால், மாற்றம் கீழிருந்தே வந்தது என்பது தெளிவாயிற்று.

முக்கியத்துவம்

எதிர்மின்னிகளின் அளவு மாறும்போது செயற்கைக்கோள் வழிகாட்டிக் குறிப்பலைகளின் தாமதமும் மாறி, இடங்காட்டலில் பிழை உண்டாகின்றது. துருவ வெப்பமடைதலைச் சில நாட்களுக்கு முன்பே வானிலை மாதிரிகள் கணிக்க வல்லவை. ஆகவே, அயனிமண்டல மாற்றத்தை முன்னறிவிக்கவும் இது உதவக்கூடும்.