கண்ணும் நினைவும்: காவற் கமராவும் பதிவுக் கருவியும்

வீட்டுக் காவலிலே கமரா என்பது கண். பதிவுக் கருவி என்பது நினைவு. கண் கண்டதை நினைவு ஏற்காவிடின் காவல் பெயரளவிலேயே நின்றுவிடும். களவு நிகழ்ந்த மறுநாட் காலையிற் பதிவைத் திறந்து பார்க்கும்போது வெறுந் திரையே தோன்றுமாயின், வாயிலில் நான்கு கமராக்கள் நின்றதனாற் பயன் யாது? எந்தக் கமராவுக்கு எந்தப் பதிவுக் கருவி பொருந்தும் என்பது கடையிலே கேட்கப்படும் சிறு வினாவாகத் தோன்றலாம். ஆயினும் அதன் பின்னே ஏறக்குறைய எழுபது ஆண்டுக் கால வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவர் எளிதில் ஏமாறமாட்டார்.

1956ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே, அம்பெக்ஸ் நிறுவனத்தார் காட்சியைக் காந்த நாடாவிற் பதியும் கருவியொன்றை ஒலிபரப்பாளர் மாநாட்டின் முன் வைத்தனர். அதனை ஆக்கிய குழுவுக்குச் சார்ள்ஸ் கின்ஸ்பேர்க் என்பார் தலைமை தாங்கினார். அவ்வாண்டு நவம்பர் 30ஆந் திகதி, நியூயோர்க்கில் வாசிக்கப்பட்ட செய்தி கலிபோர்ணியாவிலே நாடாவிற் பதியப்பட்டு, மேற்குக் கரை மக்களுக்குச் சில மணி நேரங் கழித்து ஒளிபரப்பப்பட்டது. உலகம் வியந்த அக்கருவியிலும் ஒரு குறை இருந்தது. பதிவு செய்த தலைகளைக் கொண்டே அந்நாடாவை மீண்டும் இயக்க முடிந்தது. வேறு தலைகளில் இட்டால் காட்சி ஒழுங்காக வரவில்லை. ஆகவே நாடாவோடு தலைகளையும் சேர்த்துப் பேண நேர்ந்தது. இக்குறை பின்னர் நீக்கப்பட்டது. எனினும் பொருத்தம் என்னும் சிக்கல் பதிவுக் கருவியோடு உடன்பிறந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

வீட்டு வாயிலுக்குக் கமராவைக் கொணர்ந்த பெருமை ஒரு தாதிக்கு உரியது. நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிறவுண் அம்மையார், தம் அயலிலே குற்றங்கள் பெருகியமையையும், அழைத்தவுடன் காவற்றுறையினர் வந்து சேராமையையும் எண்ணி, கணவர் அல்பேட் பிறவுணுடன் சேர்ந்து ஓர் அமைப்பை வகுத்தார். அவர்கள் 1966இல் விண்ணப்பித்த ஆக்கவுரிமை 1969 டிசெம்பர் 2ஆந் திகதி வழங்கப்பட்டது. கதவிலுள்ள துளைகளின் வழியே மேலுங் கீழும் நகர்ந்து பார்க்கும் கமராவும், உள்ளே இருந்தவாறே வந்தவரைக் காணும் திரையும், அவரோடு பேசும் வசதியும் அதில் அடங்கியிருந்தன. ஒருவர் விழித்திருந்து பார்க்கும்வரை அத்தகைய காவல் சிறந்ததே. வீட்டார் உறங்கும் வேளையில் நிகழ்வதை மறுநாள் காண்பதற்கோ பதிவு வேண்டும்.

நாடாப் பெட்டிகள் அத்தேவையை நிறைவேற்ற முன்வந்தன. 1975இல் சோனி நிறுவனம் பீற்றாமக்ஸ் முறையையும், 1976இல் ஜே.வீ.சீ. நிறுவனம் வீ.எச்.எஸ். முறையையும் வெளியிட்டன. ஒன்றின் பெட்டி மற்றதனுட் புகாது. இப்போட்டியில் வீ.எச்.எஸ். வென்றது, 1988இல் சோனி நிறுவனமே அம்முறைக் கருவிகளைச் செய்யத் தொடங்கிற்று. காவற் பணிக்கென நாடாவை மெல்ல ஓட்டும் கருவிகளும் தோன்றின. இரண்டு மணி நேர நாடா, ஒரு முழு நாளின் காட்சிகளை இடைவிட்டு இடைவிட்டு ஏற்றது.

இக்காலத்தில் ஒரு நன்மை இருந்தது என்பதை மறத்தலாகாது. நாடாப் பெட்டிகள் வேறுபட்டனவாயினும், கமராவிலிருந்து பதிவுக் கருவிக்குச் சென்ற மின்குறி பொதுவானது. ஐக்கிய அமெரிக்காவும் யப்பானும் விநாடிக்கு ஏறக்குறைய 30 படங்களைக் கொண்ட 525 கோட்டு முறையைக் கைக்கொண்டன. ஐரோப்பாவின் பெரும் பகுதியும், 1979இல் தொலைக்காட்சி கண்ட இலங்கையும் 25 படங்களைக் கொண்ட 625 கோட்டு முறையைக் கைக்கொண்டன. இம்முறைகளுள் ஒன்றைச் சார்ந்த கமரா, அதே முறையைச் சார்ந்த எந்த நிறுவனத்தின் பதிவுக் கருவியோடும் ஓரச்சு வடம் ஒன்றினால் இணைந்தது. ஒளிபரப்புக்கென வகுக்கப்பட்ட பொது விதியின் நிழலிலே வீட்டுக் காவலும் இளைப்பாறிற்று.

அந்நிழல் 1996இலே குறையத் தொடங்கிற்று. அவ்வாண்டு சுவீடன் நாட்டின் அக்சிஸ் நிறுவனம், கணினி வலையமைப்பில் நேரே இணையும் கமராவை விற்பனைக்கு விட்டது. அது சிறு அளவிலான படங்களை விநாடிக்கு ஒன்றாகவே அனுப்பியது. ஆயினும் வழி திறந்துவிட்டது. பின்வந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தன் கமராவுக்குத் தனித்தனிக் கட்டளைமொழி வகுத்தன. ஒரு நிறுவனத்தின் கமராவை வாங்கியவர் அதே நிறுவனத்தின் பதிவுக் கருவியையும் வாங்கக் கட்டுண்டார். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்னும் நிலை வீட்டாருக்கு வாய்த்தது.

இந்நிலையை மாற்ற 2008இல் அக்சிஸ், பொஷ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்கள், தமக்குள்ளே போட்டியாளராயிருந்தும், ஒன்விஃப் என்னும் பொது மன்றத்தை நிறுவின. ஒளிபரப்புக் காலத்திலே தானாக வாய்த்த பொது விதியை வலையமைப்புக் காலத்திலே முயன்று ஆக்கவேண்டியதாயிற்று. அம்மன்றம் தன் விதிகளை வகைகளாகப் பிரித்தது. எஸ் என்பது காட்சியை அனுப்புதலையும் பெறுதலையும், ஜீ என்பது பதிதலையும் மீட்டலையும், 2018இல் வந்த டீ என்பது புதிய சுருக்க முறைகளையும் பற்றியன. ஆகவே பெட்டியின் மேல் மன்றத்தின் பெயர் காணப்படுதல் மட்டும் போதாது. கமராவும் பதிவுக் கருவியும் ஒரே வகையிற் சேர்ந்தனவா என்பதைப் பார்த்தல் வேண்டும். மன்றத்தின் இணையப் பட்டியலிலே அதனைச் சரிபார்க்கலாம். பொது விதி காட்சியைக் கொண்டு சேர்க்கும்; ஒரு நிறுவனம் தன் கமராவுக்கெனத் தனியே வகுத்த சிறப்பு வசதிகள் வேறொரு கருவியில் இயங்காமற் போதலும் உண்டு.

சுவருள் ஏற்கெனவே ஓரச்சு வடம் இழுத்திருக்கும் வீடுகளுக்கு மற்றொரு வழி பிறந்தது. 2012ஐ அடுத்த ஆண்டுகளில் அவ்வடத்திலேயே தெளிவான காட்சியைச் செலுத்தும் சீ.வீ.ஐ., டீ.வீ.ஐ., ஏ.எச்.டீ. என்னும் முறைகள் தோன்றின. இவை மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒரே செருகியைப் பயன்படுத்துவன; உள்ளே ஓடும் மின்குறியோ வேறுவேறு. செருகி பொருந்துவதனாற் கருவி பொருந்திற்று என்று கொள்ளலாகாது. எல்லா முறைகளையும் ஏற்கும் பதிவுக் கருவிகளும் பின்னர் வந்தன.

மொழி பொருந்தினும் இடம் போதாதாயின் பயனில்லை. விநாடிக்கு 4 மெகாபிட் அளவிற் காட்சியை அனுப்பும் கமரா ஒரு நாளில் ஏறக்குறைய 43 கிகாபைற் இடத்தை நிரப்பும். அத்தகைய நான்கு கமராக்களின் 30 நாட் பதிவுக்கு 5 தெராபைற்றுக்குச் சற்று மேற்பட்ட வன்தட்டு வேண்டும். வன்தட்டு சிறிதாயின் பழைய பதிவு விரைவில் அழிந்து புதியது ஏறும். விடுமுறை கழிந்து வீடு திரும்புவோர், களவு நிகழ்ந்த நாளின் பதிவே அழிந்திருக்கக் காண்பர். 2003இல் வகுக்கப்பட்ட எச்.264 முறையைவிட 2013இல் வந்த எச்.265 குறைந்த இடத்திலே நிகரான காட்சியைத் தருவது. ஆனால் கமரா, பதிவுக் கருவி ஆகிய இரண்டும் அதனை அறிந்திருத்தல் வேண்டும்.

இறுதியாக, காவலனே கள்வனுக்குக் கருவியான கதையும் இவ்வரலாற்றில் உண்டு. 2016இல் மிராய் என்னும் தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாதிருந்த கமராக்களையும் பதிவுக் கருவிகளையும் இணையத்திலே தேடிக் கைப்பற்றியது. அது கையாண்டது 60க்குச் சற்று மேற்பட்ட பெயர், கடவுச்சொல் இணைகளையே. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி, அவ்வாறு கைப்பற்றப்பட்ட கருவிகளினின்று எழுந்த தாக்குதலினால் அமெரிக்காவின் பெயர்பெற்ற இணையத் தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. தத்தம் வீட்டைக் காக்க வைத்த பொறிகள், வீட்டார் அறியாமலே பிறருக்குக் கேடு செய்தன.

ஆதலின் பதிவுக் கருவி வாங்குவோர் விலையைக் கேட்குமுன் கேட்கவேண்டிய வினாக்கள் சிலவே. கமரா எவ்வகை மின்குறியைத் தருகின்றது? இரண்டுக்கும் பொதுவான விதி எது? எத்தனை நாட் பதிவு தங்கும்? கடவுச்சொல்லை மாற்றவும், நிரலைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கவும் வழி உண்டா? இவற்றுக்கு விடை பெற்றபின், ஒரு கமராவையேனும் இணைத்து, பதியச் செய்து, பதிந்ததை மீட்டுப் பார்த்தல் நன்று. 1956இல் அம்பெக்ஸ் பொறியியலாளர் எதிர்கொண்ட சோதனையும் அதுவே: பதிந்தது மீள வருமா என்பது.