ஹெர்குலிஸின் முதுகு

ஹார்லெம் நகரத்தில் 1589இல் ஓர் அச்சுப்படம் வெளிவந்தது. வலக்கையில் கதாயுதம், இடக்கையில் ஆற்றுத் தெய்வம் அக்கிலூஸிடமிருந்து முறித்தெடுத்த கொம்பு. ஹெர்குலிஸ் நெஞ்சு நிமிர்த்தி நிற்கிறான். உடம்பெங்கும் தசை, அதன்மேல் இன்னும் தசை. முண்டுமுண்டாகத் திரண்ட அந்த உடலைப் பார்த்து டச்சுக்காரர்கள் படத்துக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அதைச் செதுக்கிய ஹென்ட்ரிக் கோல்ட்சியஸுக்கு அப்போது வயது 31. இத்தாலியை அவர் அதுவரை கண்டதில்லை.

இந்தக் கிரேக்க வீரனை ஐரோப்பியர் அதற்கு முன்பும் வரையாமல் இல்லை. ஃபிளாரன்ஸின் பொல்லாயுவோலோ அவனைப் பல தலைப் பாம்போடு மோதவிட்டார். ஜெர்மனியின் டூரர் 1498 வாக்கில் செதுக்கிய படத்தில் அவன் அறத்துக்கும் இன்பத்துக்கும் நடுவே நிற்கிறான். ஆனால் கோல்ட்சியஸைப் போல அவன் உடம்பையே முழுப் பொருளாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

குழந்தையாக இருந்தபோது கோல்ட்சியஸ் நெருப்பில் விழுந்தார். வலக்கை வெந்து, விரல்கள் பிறகு முழுவதும் விரியவே இல்லை. செப்புத்தகட்டில் செதுக்குபவர் உளியின் பிடியை உள்ளங்கையில் பொதிந்து, தோளின் பலத்தால் முன்னே தள்ளுவார். ஆழமாகத் தள்ளினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். அந்த வளைந்த கையால் கோட்டைத் தடிக்கவும் மெலியவும் வைத்தே அவர் தசையின் திரட்சியைக் கொண்டுவந்தார். அதே கையை 1588இல் அவரே வரைந்த படம் ஹார்லெமின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1591இல் அவர் ரோமில் இருந்தார். ஊரில் கொடும் பஞ்சம். தெருவில் பட்டினிப் பிணங்களின் நாற்றத்துக்கு நடுவிலும் அவர் பழஞ்சிலைகளை வரைந்துகொண்டிருந்தார் என்று நண்பர் காரல் வான் மாண்டர் 1604இல் எழுதினார். ஃபர்னேசே மாளிகையில் நின்ற ஹெர்குலிஸ் சிலையும் அவற்றில் ஒன்று. பழங்கிரேக்கச் சிற்பி லிசிப்பஸ் வடித்த மூலத்தை ஒட்டி ஏதென்ஸ்காரர் கிளைக்கான் செய்தது அது. மூன்று மீட்டருக்கு மேல் உயரம். களைத்துப்போய்த் தன் கதைமேல் சாய்ந்திருக்கும் வீரன்.

ஊர் திரும்பி அதைச் செப்பில் செதுக்கியபோது கோல்ட்சியஸ் தேர்ந்த கோணம் முதுகுப்பக்கம். அவருடைய துணிச்சல் இதில்தான் தெரிகிறது. கீழே ஓரத்தில் இரண்டு பேர் அண்ணாந்து சிலையின் முகத்தைப் பார்க்கிறார்கள். ஹெஸ்பெரிடீஸ் தோட்டத்துப் பொன் ஆப்பிள்களோ முதுகுக்குப் பின்னால் மடக்கிய கையில் இருக்கின்றன. அவர்கள் காணாததைப் படம் பார்ப்பவர் காண்கிறார். அந்தச் சோர்வுக்குக் காரணமே அந்த ஆப்பிள்கள்தாம்: சுமத்தப்பட்ட கடுஞ்செயல்களின் கடைசிக் கட்டத்தில் அவன் பெற்று வந்தவை. தசைகளிலும் பழைய முண்டுகள் இல்லை; ஒளி அவற்றின்மேல் அமைதியாக இறங்குகிறது. படம் வெளியானதோ 1617இல், அவர் மறைந்த ஆண்டில்.

ரோமுக்கே போகாதவர்களுக்கு ஃபர்னேசே ஹெர்குலிஸைக் காட்டியவை இத்தகைய அச்சுப்படங்கள். இந்தப் படம் இன்னொன்றையும் பாதுகாத்திருக்கிறது. 1546இல் கரகல்லா குளியல் மண்டப இடிபாட்டில் சிலை கிடைத்தபோது கால்கள் இல்லை. சிற்பி குல்யெல்மோ டெல்லா போர்ட்டா புதிய கால்கள் செய்து பொருத்தினார். பழைய கால்கள் பிறகு கிடைத்தும், புதியவையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலை நேப்பிள்ஸுக்குப் போன காலத்தில்தான் பழையவை திரும்பி வந்தன. கோல்ட்சியஸ் அவ்வளவு கவனமாகச் செதுக்கிய அந்தக் கெண்டைக்கால்கள் டெல்லா போர்ட்டாவின் வேலை.