போஷின் பேய்கள் யாரை மிரட்டின?

பறவைத் தலைப் பிசாசு ஒன்று மனிதனை விழுங்குகிறது. கன்னியாஸ்திரியின் முக்காடு போட்ட பன்றி இன்னொருவனைக் கட்டிப்பிடித்து, பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு நெருக்குகிறது. 'இன்பத் தோட்டம்' என்னும் முப்பலகை ஓவியத்தின் நரகப் பகுதியில் இவற்றைப் பார்ப்பவர்கள், அதை வரைந்த ஹீரோனிமஸ் போஷை ரகசியச் சமயப் பிரிவைச் சேர்ந்தவர் என்று எளிதில் நம்பிவிடுகிறார்கள். ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் ஃப்ரெங்கர் 1947-இல் அப்படித்தான் வாதிட்டார். அதற்கு ஆவணச் சான்று எதுவும் கிடையாது. செர்டோகன்போஷ் நகரின் மரியன்னை சகோதரத்துவ சபையில் போஷ் மதிப்புமிக்க உறுப்பினர்; 1516 ஆகஸ்டில் அவருக்காக இரங்கல் திருப்பலி நடத்தியதும் அந்தச் சபையே.

அப்படியென்றால் துறவிகளை இவ்வளவு கடுமையாக ஏன் சாடினார் என்று கேட்கலாம். அவரது 'வைக்கோல் வண்டி' ஓவியத்தில் போப்பும் பேரரசரும் வண்டியின் பின்னால் வருகிறார்கள். கன்னியாஸ்திரிகள் மூட்டையில் வைக்கோலைத் திணிக்க, கொழுத்த துறவி ஒருவர் கையில் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் மேலே, மேகத்தில், கிறிஸ்து தம் காயங்களைக் காட்டியபடி நிற்கிறார். வண்டியின் உச்சியில் இருக்கும் வானதூதர் மட்டுமே அவரை நிமிர்ந்து பார்க்கிறார். ஓவியத்தின் பொருளே அங்கேதான் இருக்கிறது: போஷின் கோபம் கோட்பாட்டின் மீதல்ல, அதை மறந்தவர்கள் மீது. பேராசைக்காரக் குருமாரைக் கண்டிப்பது அக்காலப் பிரசங்கங்களிலும் வழக்கம்தான். கத்தோலிக்கத்தில் எள்ளளவும் விட்டுக்கொடுக்காத ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப், போஷின் ஓவியங்களைத் தேடித்தேடிச் சேர்த்து எஸ்கோரியல் மடத்தில் வைத்தார்.