டப்ளின் உயராய்வு நிறுவனமும் எட்டுப் பக்கக் கட்டுரையும்

குவாண்டம் இயற்பியலின் நூற்றாண்டு மலர் என்றால் கோட்டிங்கன், சூரிச், கோபன்ஹேகன் எல்லாம் கேட்காமலே இடம் பிடித்துவிடும். டப்ளினுக்கு மட்டும் யாராவது பரிந்து பேச வேண்டியிருக்கிறது.

1938-ல் ஆஸ்திரியா நாஜிகள் கைக்குப் போனதும் கிராட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து எர்வின் ஷ்ரோடிங்கர் நீக்கப்பட்டார். ரோமுக்குத் தப்பி, ஜெனீவா சென்றவரை அங்கே சந்தித்தவர் அயர்லாந்துப் பிரதமர் ஈமன் டி வலேரா. அரசியலுக்கு வருமுன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பிரின்ஸ்டனில் இருப்பதைப் போன்ற ஆய்வு நிறுவனம் தம் தலைநகரிலும் வேண்டும் என்பது அவர் ஆசை. பெரிய ஆய்வுக்கூடம் கட்டப் பணமில்லாத நாட்டுக்குத் தாளும் பென்சிலும் நூலகமும் போதுமான துறையே கட்டுப்படி. 1940-ல் சட்டம் நிறைவேறியது. மெரியன் சதுக்கத்தில் 64, 65 எண் வீடுகளில் நிறுவனம் குடியேறியது. கோட்பாட்டு இயற்பியல் பள்ளிக்கு ஷ்ரோடிங்கர் முதல் இயக்குநர். கூடவே கெல்டிக் ஆய்வுக்கும் ஒரு பள்ளி. பட்டமளிப்பு கிடையாது, தேர்வும் கிடையாது. புனித பேட்ரிக் இருவர், கடவுள் ஒருவரும் இல்லை என்று நிரூபித்ததுதான் இந்த இரண்டு பள்ளிகளின் சாதனை என்று 1942-ல் ஐரிஷ் டைம்ஸ் பத்தியில் ஃபிளான் ஓபிரையன் கிண்டலடித்தார். நிறுவனத்தின் அதே ஆண்டுக் கருத்தரங்குக்கு இயற்பியலாளர்கள் டிராக்கும் எடிங்டனும் வந்தார்கள். பிரதமரும் வந்து உட்கார்ந்து கேட்டார்.

அந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசுவோர் ஷ்ரோடிங்கரின் ‘உயிர் என்றால் என்ன?’ சொற்பொழிவுகளையே சொல்வார்கள். என்னைக் கேட்டால், 1940-ல் ராயல் ஐரிஷ் அகாதமியின் ஆய்விதழில் வந்த அவரது எட்டுப் பக்கக் கட்டுரையைத்தான் முதலில் வைப்பேன். காரணிப்படுத்தல் முறை அதில் பிறந்தது.

பள்ளிக்கூட இயற்கணிதம்தான் அடிப்படை. a²+b² என்பதைக் கற்பனை எண்ணின் துணையால் (a+ib)(a−ib) என்று பிரிக்கலாம். சீரிசை அலையியற்றியின் ஆற்றலும் உந்தத்தின் வர்க்கம், இடத்தின் வர்க்கம் இரண்டின் கூட்டலே. ஆனால் குவாண்டத்தில் இவ்விரண்டையும் இடம் மாற்றிப் பெருக்கினால் விடை மாறும். அதனால் பிரிக்கும்போது ஒரு மீதி விழும். அந்த மீதிதான் அடிநிலை ஆற்றல். அலையியற்றிக்கு இந்த வழியை டிராக் முன்பே காட்டியிருந்தார். ஷ்ரோடிங்கர் அதை மற்ற கணக்குகளுக்கும் கொண்டுபோனார்.

ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். கோண உந்த எண் சுழி. காரணிகளாகப் பிரித்தால் மீதி −13.6 எலக்ட்ரான் வோல்ட், அதுவே அடிமட்டம். இனிக் காரணிகளை முன்பின்னாக மாற்றிப் பெருக்குங்கள். வருவது புதுச் சமன்பாடு அல்ல, கோண உந்த எண் ஒன்றாக உள்ள அதே ஹைட்ரஜன். அடிமட்டம் ஒன்று கழன்றது தவிர மற்ற மட்டங்கள் மாறவில்லை. அதை மறுபடி பிரித்தால் −3.4, அடுத்து −1.51. வகைக்கெழுச் சமன்பாட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. 1926-ல் இதே ஹைட்ரஜனின் ஆரச் சமன்பாட்டுக்குக் கணிதவியலாளர் ஹெர்மன் வெய்லின் உதவியை நாடியவர் ஷ்ரோடிங்கர். இயற்கணிதத்தால் ஹைட்ரஜனைத் தீர்த்தது அப்போது அலைச் சமன்பாட்டுக்கு எதிரணியிலிருந்த பவுலி! அலைச் சமன்பாட்டின் தகப்பனே பதினான்கு ஆண்டு கழித்து இயற்கணிதத்துக்கு வந்து சேர்ந்ததை நான் ரசிக்கிறேன். ஹைட்ரஜனை வளைந்து மூடிய வெளியில் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் அந்தக் கட்டுரையிலேயே கணக்கிட்டார்.

1941-ல் மேலும் இரண்டு கட்டுரைகள். பிறகு அவர் மனம் ஒருங்கிணைந்த புலக் கோட்பாட்டுக்குத் திரும்பிவிட்டது. அதில் பெரிதாக எதுவும் கைகூடவில்லை. காரணிப்படுத்தலைத் தொடர்ந்து வளர்த்தவர் டொரண்டோவில் இருந்த இன்ஃபெல்ட். அவரும் ஹல்லும் 1951-ல் இவ்வழியில் தீரும் கணக்குகளை ஆறு வகையாகப் பட்டியலிட்டார்கள். நெடுங்காலம் அது பாடநூல் வித்தையாகவே கிடந்தது. 1981-ல் எட்வர்ட் விட்டன் மீச்சமச்சீர்மையை எளிய குவாண்டம் மாதிரிகளில் சோதித்தபோது, காரணிகளை முன்பின் மாற்றினால் கிடைக்கும் இரட்டைச் சமன்பாடுகள் மீண்டும் தலைகாட்டின. வரிசை மாற்றினாலும் வடிவம் மாறாத தன்மையே முறை பலிக்கக் காரணம் என்று 1983-ல் கெண்டன்ஷ்டைன் தெளிவாக்கினார்.

1956-ல் ஷ்ரோடிங்கர் வியன்னா திரும்பினார். அவருடைய பள்ளி இன்று டப்ளினின் பர்லிங்டன் சாலையில் இருக்கிறது. இன்ஃபெல்ட்–ஹல் பட்டியலோடு கணக்கு முடியவும் இல்லை: 2008-ல் பிரஸ்ஸல்ஸில் கிறிஸ்டியான் கென் அந்த ஆறு வகையிலும் அடங்காத, முழுதாகத் தீரும் புதிய கணக்குகளைக் கட்டிக் காட்டினார்.